வெங்காயத் தோட்டத்தில் விழுந்த பந்துகள்

அன்புள்ள தம்பி,

"மகனே" என்று தொடங்கிப் பார்த்தேன். வேறு யாருடைய பிள்ளைக்கோ எழுதுவது போல இருந்தது. பிறந்த நாள் முதல் நான் உன்னைக் கூப்பிட்ட பெயரே இருக்கட்டும். உன் கடிதம் நேற்று வந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் வீட்டில்தான் இருந்தேன். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதும் படலைக்கு ஓடினேன். "என்ன ரீச்சர், கப்பல் கடிதமோ?" என்று அப்பாவுடையதென நினைத்துக் கேட்டார். "இல்லை, இது கண்டிக் கடிதம்" என்று வாங்கி, அங்கேயே வெயிலில் நின்று இரண்டு தரம் வாசித்தேன். உன் பல்கலைக்கழக வளாக மைதானத்தில் ஓகஸ்ட் விடுமுறைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் பேஸ்போல் முகாம், அதில் பந்து எறியப் பழக்குவது நீ! இரண்டாம் தரம் வாசித்து முடித்தபோது தபால்காரர் இன்னும் போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல சேதிதானே என்று கேட்டார். இந்த நாட்களில் கடிதம் பிரிக்கும் எல்லாருடைய முகத்தையும் அவர் அப்படித்தான் பார்க்கிறார் போலும். நல்ல சேதி என்று சொல்ல வாய்த்ததே பெரிய சந்தோசம்.

நீ இரண்டு காரியம் கேட்டிருக்கிறாய். அப்பா முதலில் கொண்டுவந்த அந்தப் பழைய கையுறையை அனுப்பச் சொல்கிறாய். "பெடியளுக்குக் கிளவுஸ் காணாது, அம்மா. அலுமாரிக்குள்ளை கிடக்கிறதை அனுப்புங்கோ." அது சுலபம், பார்சல் கட்டியாகிவிட்டது. மற்றது சுலபமில்லை. "எறியிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். பழக்கிறது எப்பிடியெண்டு தெரியேல்லை. நீங்கள் இருபது வருசம் பிள்ளையளைப் பழக்கின ஆள். ஒரு வழி சொல்லுங்கோ" என்று எழுதியிருக்கிறாய். தம்பி, என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. உன்னிடம் விட்ட பிழை மட்டும் நன்றாகத் தெரியும். உனக்குப் பாதி தெரிந்த கதைதான். மற்றப் பாதி வேலிக்கு வெளியே நடந்தது. அதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

உனக்கு ஏடு தொடக்கிய விசயதசமி உனக்கு நினைவிராது. தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பி, ஐயர் உன் வலக்கைச் சுட்டுவிரலைப் பிடித்து ஆனா எழுத வைத்தார். அவர் கையை விட்டதும் நீ இடக்கை விரலால் அதன் பக்கத்திலேயே இன்னொரு ஆனா எழுதினாய். ஐயரோடு எழுதியதைவிட அது வடிவாக இருந்தது. ஐயர் சிரித்துக்கொண்டு அரிசியைக் கலைத்துப் பரப்பி, "இன்னொருக்கா எழுதுவம், அப்பன்" என்றார். அவருக்கு அது ஒரு குற்றமாகப் படவில்லை. சுற்றி நின்ற மாமிமார்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வீட்டுக் குடிபுகுதலில், வெற்றிலைத் தட்டை ஒரு பெரியவரிடம் நீ இடக்கையால் நீட்டினாய். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். உனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தட்டை இன்னும் உயர்த்திப் பிடித்தாய், அவருக்கு எட்டவில்லையாக்கும் என்று. எனக்கு நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. கப்பலில் போன மனிசனின் பிள்ளையைத் தாய் வளர்க்கிற லட்சணம் இதுதானா என்று யாரோ கேட்டதுபோல இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்டது.

அடுத்த நாள் வெள்ளைத் துணியில் ஒரு சின்னப் பை தைத்தேன். வாயில் நாடா கோத்த பை. சாப்பிடும் நேரமும் எழுதும் நேரமும் அதை உன் இடக்கையில் மாட்டி மணிக்கட்டில் கட்டினேன். இடக்கைப் பிள்ளையை வற்புறுத்தி மாற்றக்கூடாது என்று ஆசிரியப் பயிற்சியில் படித்தவள் நான். அந்தக் கேள்விக்கு விடை எழுதிச் சித்தியடைந்தவள். பரீட்சைத் தாளில் எழுதியதை வீட்டில் எனக்கு எழுதத் தெரியவில்லை. இரண்டு வருடத்தில் நீ வலக்கைக்காரனாகிவிட்டாய். ஒரு நாளும் அழவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. பையைக் கண்டால் நீயே கையை நீட்டுவாய். அந்த இரண்டு வருடத்தில் உன் பேச்சும் குறைந்துவிட்டதைக் கண்டேன். பிள்ளை வளருது, அடக்கமாயிருக்குது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வந்த வருடங்களில் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களிலெல்லாம் பெருமையாக அதையே எழுதினேன்: "இப்ப எல்லாத்துக்கும் வலக்கைதான். வடிவாய்த் திருந்திட்டான்."

அப்படியொரு கடிதம் யப்பான் துறைமுகம் ஒன்றில் அப்பாவின் கைக்குக் கிடைத்தது. துறைமுகத்துக்குப் பக்கத்து வெளியில் உன் வயதுப் பெடியன்கள் தோல் கையுறையோடு பந்து விளையாடுவதைக் கண்டு, உனக்கும் ஒன்று வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். எந்தக் கையால் எறிவான் என்று கடைக்காரர் சைகையில் கேட்டாராம். என் கடிதத்தை நம்பி, அப்பா வலக்கையைத் தூக்கிக் காட்டினாராம். வலக்கையால் எறிபவன் கையுறையை இடக்கையில் போடவேண்டும். விடுமுறையில் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, அந்த மண்ணிறத் தோலை உன் இடக்கையில் மாட்டிவிட்டார். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நீ அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாய்: "இதுவும் அந்தக் கைக்கோ, அம்மா?"

நான் சிரித்தேன், தம்பி. அதை எழுதத்தான் வேண்டும். அப்பாவும் விளங்காமல் சிரித்தார்.

அதற்கடுத்த ஓகஸ்டில்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. யாழ்ப்பாணத்தில் வளாகம் தொடங்கிய புதிது. வெளிநாட்டில் உடற்பயிற்சிக் கல்வி படித்துத் திரும்பிய பண்டத்தரிப்புக்காரர் ஒருவர் அங்கே வந்திருந்தார். எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். பள்ளிக்கூடப் பெடியன்களுக்கு விடுமுறையில் பேஸ்போல் பழக்கப் போகிறேன், பள்ளிக்கூடத்துக்கு ஒருவரை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். உங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் அது என்ன விளையாட்டென்று தெரியாது. தடியால் பந்தடித்து ஓடும் எங்கள் எல்லேயின் தூரத்துச் சொந்தம் என்று மட்டும் கேள்விப்பட்டார்கள். உன் விளையாட்டு வாத்தியார் வீட்டுக்கே வந்து, "ரீச்சர், வடமராட்சியிலை கிளவுஸ் வச்சிருக்கிறது உங்கடை மகன் ஒருத்தன்தான். உவனைத்தான் அனுப்பப் போறம்" என்றார். ஓடத் தெரியுமா, பிடிக்கத் தெரியுமா என்று அவர் கேட்கவேயில்லை. கையுறைதான் தெரிவாகியது, நீ அதனோடு போனாய். ஆனால் அன்று பின்னேரம் முழுதும் தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் நின்று தண்ணீருக்கு மேலால் கல்லெறிந்துகொண்டிருந்தாயே, அந்த முகத்தை நான் மறக்கவில்லை. சோறு ஆறுகிறதென்று கூப்பிட வந்த நான், கூப்பிடாமல் திரும்பினேன்.

பத்து நாளும் காலையில் முதல் பஸ்ஸில் போனோம். அச்சுவேலி தாண்டும்வரை உனக்கு இருப்பே கொள்ளவில்லை. வளாகத்தில் உன்னை விட்டுவிட்டு, கம்பி வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் குடையையும் திருத்த வேண்டிய விடைத்தாள்களையும் வைத்துக்கொண்டு இருந்தேன். வளாகம் இருந்த திருநெல்வேலிச் செம்மண்ணில் சாக்குகளுக்கு மண் நிரப்பி, ஓடுகிறவர்கள் கால் வைக்க நாலு மூலையிலும் வைத்திருந்தார்கள். அடிக்கும் தடியை மாஸ்டர் தச்சனிடம் சொல்லிக் கடைந்திருந்தார். வேலியோரம் வந்து நின்ற ஒரு தகப்பன் அதைப் பார்த்து, "கண்டறியாத விளையாட்டு! உலக்கையாலை பந்தடிக்க வளாகம் வேணுமே? என்ரை மனிசி வீட்டிலையே பழக்குவாள்" என்றார். எல்லாரும் சிரித்தோம். பதினொரு மணிக்கெல்லாம் உங்கள் இருபத்திரண்டு பேரின் வெள்ளைச் சட்டையும் ஒரே நிறமாகிவிடும். எந்தப் பிள்ளை யாருடையதென்று தாய்மாருக்கே தெரியாது. எனக்கு உன்னைக் கண்டுபிடிப்பதில் கரைச்சல் இருக்கவில்லை. எவன் எறிந்த பந்து வேலி தாண்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் விழுகிறதோ அவன்தான் என் பிள்ளை.

தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மாறிவிட்டுக்கொண்டிருந்த மனிசன் மண்வெட்டியும் கையுமாக வேலிக்கு வருவார். "தம்பி, இது மூண்டாவது. இனியும் வந்தால் கோதாரியிலை போற பந்தை வெங்காயத்தோடை சந்தைக்கு அனுப்புவன்!" என்று கத்துவார். உனக்கு முகாமில் 'தோட்டக்காரன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஓட்டத்தில் நீ முன்னுக்கு நின்றாய். பிடிப்பதிலும் குறை சொல்ல முடியாது. எறிதான் உதவவில்லை. மாஸ்டர் தோளைப் பிடித்துத் திருத்தினார், காலைப் பிடித்துத் திருத்தினார். ஒன்றும் சரிவரவில்லை.

ஐந்தாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பந்து உருண்டு என் பக்கத்து வேலியடிக்கு வந்தது. எடுக்க வந்தவன் நீ. மற்றவர்கள் எல்லாரும் தண்ணீர்க் குழாயடியில். மைதானத்தின் நடுவில் மாஸ்டர் மட்டும் தனியாக நின்று, "எறியடா இங்கை!" என்றார். நீ சுற்றிப் பார்த்தாய். மரத்தடியில் குடைக்குப் பின்னால் நான் இருந்ததை நீ காணவில்லை. கையுறையைக் கழற்றிப் புல்லில் போட்டாய். பந்து இடக்கைக்கு மாறியது. பிறகு நான் கண்டது பந்தை அல்ல, உன் உடம்பு ஒரு வில்லுப் போல வளைந்து நிமிர்ந்ததைத்தான். மாஸ்டரின் கையுறைக்குள் பந்து விழுந்த சத்தம் தேங்காய் பிளந்தது போல வேலிவரைக்கும் கேட்டது. அவர் நின்ற இடத்தைவிட்டு ஓரடிகூட நகரவில்லை.

"எந்தக் கையடா அது?" என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தார். நீ இடக்கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வலக்கையைத் தூக்கிக் காட்டினாய். அப்போதுதான் என்னையும் கண்டாய். களவெடுத்துப் பிடிபட்டவன் போல உன் முகம் கறுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையைக் குனிந்து ஒரு விடைத்தாளைத் திருத்தினேன். யாருடைய தாள், என்ன கேள்வி, ஒன்றும் தெரியாது. சிவப்புப் பேனையால் கோடு மட்டும் இழுத்துக்கொண்டே போனேன். பை கட்டியதைவிட அந்தக் குனிவுதான் பெரிய பிழை என்று இன்றைக்கு நினைக்கிறேன். பை கட்டியபோது எனக்குத் தெரியாது. அன்று தெரிந்துகொண்டு குனிந்தேன்.

அடுத்த நாள் மாஸ்டர் வேலியடிக்கு வந்தார். நாங்கள் பேசியது உனக்குத் தெரியாது.

"அக்கா, உவன் இடக்கையன். இடக்கையாலை இப்பிடி எறியிற பிள்ளை தவம் கிடந்தாலும் கிடையாது. மாத்தி விடட்டோ?"

"சோறு தின்னிற கையைத் திருத்தி எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், மாஸ்டர்."

"சோத்தை வலக்கையாலை தின்னட்டும். பந்து சோறில்லையே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "பிறகு பழையபடி எல்லாத்துக்கும் அந்தக் கைதான் வரும். கோயிலிலை திருநீறு வாங்கவும் அதைத்தான் நீட்டுவான்."

அவர் மைதானத்தில் நின்ற உன்னைத் திரும்பிப் பார்த்தார். "நானாய் மாத்தமாட்டன், அக்கா. நான் சொன்னாலும் அவன் எறியமாட்டான். நேற்றுக் கேட்டுப் பாத்தனான். 'அம்மாவுக்குப் பிடிக்காது மாஸ்டர்' எண்டு மட்டும் சொன்னவன். அஞ்சு நாளிலை அவன் என்னோடை கதைச்சது அவ்வளவுதான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று பஸ்ஸில் நீ யன்னலோரம் இருந்தாய். கையுறை மடியில் கிடந்தது. "இதுவும் அந்தக் கைக்கோ" என்று நீ கேட்டது அப்போதுதான், ஒரு வருடம் கழித்து, எனக்கு விளங்கியது. உன் கையில் நான் கட்டிய பையை அப்பா தோலில் வாங்கி வந்திருக்கிறார் என்றுதான் நீ நினைத்திருக்கிறாய். யப்பான் வரை போன என் கடிதம் திரும்பி வந்து அதே கையைக் கட்டியிருக்கிறது. நீ நினைத்ததில் என்ன பிழை? அப்போதே திரும்பி, "நாளைக்கு உனக்குப் பிடிச்ச கையாலை எறி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மடியிலிருந்த விடைத்தாள்களை அடுக்கினேன். பிழை விட்டவள் பிள்ளையிடம் அதை எப்படி ஒத்துக்கொள்வது என்று ஒரு பாடப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. மற்ற நாட்களும் அப்படியே போயின. பந்துகள் தோட்டத்துக்குப் போய்க்கொண்டேயிருந்தன.

கடைசி நாள் போட்டி. தாய் தகப்பன்மார், மாணவர்கள், வழியால் போனவர்கள் என்று வேலியைச் சுற்றி ஒரே சனம். தோட்டக்காரரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். முகாமுக்கு வந்த எல்லாரும் ஒரு முறையாவது எறியவேண்டும் என்பது மாஸ்டரின் சட்டம். உன் அணித்தலைவன் உன்னைக் கடைசிவரை ஒளித்து ஒளித்து வைத்திருந்தான். பாவம், அவனைக் குறை சொல்ல முடியாது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வேறு ஆளில்லாமல் உன்னை அனுப்பினான். உங்கள் அணிக்கு ஒரு ஓட்டம் கூடுதல். இன்னும் ஒருவனை வெளியேற்றினால் வெற்றி. எதிரணியில் இரண்டு பேர் சாக்குகளில் கால் வைத்தபடி ஓடத் தயாராக நிற்கிறார்கள். நீ வலக்கையால் எறிந்த முதல் பந்து, பிடிக்கிறவனுக்கு எட்டாமல் வேலியில் போய் அடித்தது. ஓட்டக்காரர் இருவரும் ஒரு சாக்கு முன்னேறினார்கள். "தோட்டக்காரா, வெங்காயம் அழுகுதடா!" என்று யாரோ கத்தினான். சனம் சிரித்தது. நீ பந்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றாய். அந்தக் குனிந்த தலை யாருடையதென்று எனக்குத் தெரியும். அது நான் விடைத்தாளைப் பார்த்துக் குனிந்த தலை.

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. குடை ஒரு பக்கம், தாள்கள் ஒரு பக்கம். கம்பி வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "தம்பி! இடக்கையாலை எறியடா! இடக்கையாலை!"

அத்தனை சனமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நீயும் பார்த்தாய். நம்பவில்லை. நான் என் இடக்கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். நீ மெதுவாக நடந்து வேலிக்கு வந்தாய். கையுறையைக் கழற்றி வேலிக்கு மேலால் நீட்டி, "இதைப் பிடியுங்கோ, அம்மா" என்றாய். உள்ளே உன் வியர்வை ஈரம். அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன்.

இடக்கையால் எறிந்த முதல் பந்தை அடிக்கிறவன் காணவேயில்லை. பிடித்தவன் "ஐயோ அம்மா!" என்று கையை உதறினான். இரண்டாவதுக்கு அவன் தடியைச் சுழற்றி முடிக்கும்போது பந்து போய்ச் சேர்ந்து கனநேரம். வேலி முழுதும் ஒரே கூக்குரல். நானும் கத்தினேன், என்ன கத்தினேனோ. மூன்றாவதையும் அவன் தவறவிட்டிருந்தால் வெற்றிதான்; அதுவும் அதே வேகத்தில்தான் போனது. ஆனால் அந்தப் பிள்ளையும் கெட்டிக்காரன், உலக்கையை ஓங்கி ஒரு வீச்சு வீசினான். பந்து வானத்தில் ஏறி, எல்லாருடைய தலைக்கும் மேலால் போய், வேறெங்கே, வெங்காயத் தோட்டத்தில் விழுந்தது. மூன்று பேர் ஓடி முடித்தார்கள். நீங்கள் தோற்றீர்கள். தோட்டக்காரர் பந்தை எடுத்துக்கொண்டு வந்து, "இந்தமுறை எறிஞ்சவனிலை பிழையில்லை!" என்று தீர்ப்புச் சொன்னார்.

உன்னைத் தேற்றுவதற்குச் சொல் தேடிக்கொண்டு வந்தேன். நீயோ சிரித்துக்கொண்டு ஓடி வந்தாய். "அம்மா, கண்டனீங்களே? ரெண்டாவதைக் கண்டனீங்களே?" திருநெல்வேலியில் தொடங்கிய கதை கோப்பாயில் நிற்கவில்லை, அச்சுவேலியில் நிற்கவில்லை. கொண்டக்டர் ரிக்கற் கேட்டபோது அவருக்கும் சொன்னாய். கத்திக் கத்தி என் குரல் போய்விட்டிருந்தது, இரண்டு நாள் சுடுதண்ணீர்தான். ஏழு வருடமாக வீட்டில் கேட்காத உன் குரலை அந்தப் பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வந்தேன். தொண்டைமானாற்றில் இறங்கும்போது மட்டும் நின்று, "அம்மா, வீட்டிலையும் பாவிக்கலாமோ?" என்று கேட்டாய். தலையாட்டினேன். இவ்வளவு காலமும் நான் உன்னிடம் கேட்காத மன்னிப்பு அந்தத் தலையாட்டலில் இருந்தது. அது உனக்குக் கிடைத்ததோ தெரியாது. இப்போது எழுத்தில் கேட்கிறேன், தம்பி. மன்னித்துக்கொள்.

ஆகவே நீ கேட்ட வழி இவ்வளவுதான். முதல் நாள் ஒருவரையும் திருத்தாதே. பந்தை அவர்கள் காலடியில் உருட்டிவிட்டு, நீ வேறெங்கோ பார்ப்பது போல நின்று பார். எந்தக் கை முதலில் போகிறதென்று கண்டுகொள். எவன் ஒரு கையை நீட்டிப் பிறகு இழுத்துக்கொள்கிறானோ, அவனுக்குப் பக்கத்தில் நில். அவன் தாய்க்குப் பிடிக்காது என்று சொன்னால் தாயைப் பற்றி அவனிடம் ஒன்றும் சொல்லாதே. அவள் வேலிக்கு வெளியேதான் எங்கேயோ குடையோடு நிற்பாள். அவளுக்கு உட்கார ஒரு கதிரை கொண்டுபோய்க் கொடுத்து உள்ளே கூப்பிடு. வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறவளுக்குச் சனத்தின் முகம்தான் தெரியும். உள்ளே வந்தால் பிள்ளையின் முகம் தெரியும்.

கையுறையோடு இன்னொன்றும் வைத்திருக்கிறேன். அந்த வெள்ளைப் பையை நான் எறியவில்லை. எறிய எனக்கு உரிமையில்லை என்று நினைத்து வைத்திருந்தேன். எறிகிறவர்கள் கை வியர்த்தால் தட்டிக்கொள்ள ஒரு தூள் பை வேண்டும் என்று மாஸ்டர் அப்போது சொன்னது நினைவு வந்தது. வகுப்பில் மிஞ்சிய சுண்ணாம்புக்கட்டித் துண்டுகளை அம்மியில் பொடியாக்கி அதை நிரப்பி, நாடாவை இறுக்கித் தைத்துவிட்டேன். இனி அதற்குள் ஒரு கையும் போகாது. மைதானத்தில் எறிகிறவன் பக்கத்தில் போட்டுவை.

கடைசி நாள் போட்டிக்குக் காலை ரயிலில் வருகிறேன். அப்பாவின் கப்பலும் அதற்குள் கரைக்கு வந்துவிடும், அவரும் வருவார். தொண்டைக்குப் போத்தலில் சுடுதண்ணீர் கொண்டு வருவேன். எனக்கும் ஒரு கதிரை போட்டு வை.

அம்மா